தாமதமாக விழுந்த அடி

பள்ளிக்கூட வாசலில் பேருந்தை நிறுத்திவிட்டு மாலக்கி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். ஹாம், வெண்ணெய், வேறொன்றும் கிடையாது. எங்களோடு டிரம்ஸ் அடித்த பத்தொன்பது வயதிலும் அதையேதான் தின்றான். நான் படியேறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"டிக்கெட் இருக்கா?" என்றான்.

"வாயை மூடு. முதல் ஆல்பம் வந்து முப்பது வருஷம் ஆகுது. சனிக்கிழமை நம்ம ஊர் லாங்ஃபோர்டுலயே வாசிக்கறோம். அந்தப் பாட்டுக்கு நீதான் டிரம்ஸ் அடிக்கணும்."

எந்தப் பாட்டு என்று அவன் கேட்கவில்லை. 'கல்வெர்ட்டு' என்ற எங்கள் மெட்டல் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 'மூடிய ஞாயிறு' ஒன்றுதான். பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு டிரம்ஸ் இடித்துக்கொண்டு இறங்கும், அதோடு எங்கள் கிட்டார்களும். பதிவு செய்த அன்று அந்த மௌனத்தில் மாலக்கியின் மூக்குக் கண்ணாடி வழுக்கியது. அதை மேலே தள்ளிவிட்டு அடித்தான். ஒரு நொடி தாமதம். நானும், கிட்டார் வாசித்தபடி பாடும் ஃபின்டனும் அவன் கையைப் பார்த்துத்தான் வாசிப்போம். ஆகவே எல்லோருமே தாமதம். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை, அப்படியே வெளியிட்டோம்.

ஊர்க்காரர்கள் லேசில் விடுவார்களா? பப்பில் அவனுக்கு மட்டும் கடைசியாக பியர் ஊற்றுவார்கள். அவன் கல்யாணத்தில் பாதிரியாரே, "மாப்பிள்ளை ஒரு நொடி கழிச்சு வருவார்" என்றார். எங்கள் ஊரில் ஒருவனைக் கேலி செய்யாவிட்டால்தான் அவனைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் உறைத்தது. நாங்கள் லண்டனுக்குக் கிளம்பிய வேனில் அவன் ஏறவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டப் போனான். அது இன்றுவரை தாமதமானதில்லை.

நாங்கள் ஊர் ஊராகச் சுற்றினோம். ஜெர்மனியில் சேற்று வயல்களில் வாசித்தோம். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எங்களைக் கைவிட்டது, ஃபின்டனை அவன் தலைமுடி கைவிட்டது. அந்த வேனின் ஈரச் சாக்ஸ் நாற்றத்துக்கு நான் இன்னும் ஏங்குகிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மாலக்கிக்குப் பிறகு மூன்று பேர் டிரம்ஸ் அடிக்க வந்தார்கள். மூவருக்கும் அந்தத் தாமதத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"வரேன்," என்றான் மாலக்கி, விரலைத் துடைத்தபடி. "ஆனா அந்த இடத்தைச் சரியா அடிப்பேன்."

"ஜனங்களுக்கு அது தப்பாத்தாண்டா பழக்கம்."

"அது எனக்குத் தெரியாது, நான் உங்க கச்சேரிக்கு வந்ததே இல்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் நேரத்துக்கு வர்றதை இந்த ஊர் பாக்கணும் கிரானியா."

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து வாதாட மனம் வரவில்லை. "சரி, நான் உன்கூடவே கிட்டார்ல இறங்கறேன்" என்றேன்.

சனிக்கிழமை மாலை ஹோட்டல் மண்டபம் நிரம்பி வழிந்தது. எங்கும் வழுக்கைத் தலைகள், தொப்பையில் இறுகிய பழைய கறுப்பு டீ ஷர்ட்டுகள். ஃபின்டன் மாலக்கியின் பெயரைச் சொன்னதும் கூரை பிய்ந்தது. மாலக்கி குச்சிகளை எடுத்து அடிக்கத் தொடங்கினான். பழைய கனம் அப்படியே இருந்தது.

மௌனம் வந்தது. கூட்டம் மொத்தமும் கைகளைத் தூக்கி நின்றது. மாலக்கி சரியான நேரத்தில் அடித்தான். சொன்னபடி நானும் இறங்கினேன். ஃபின்டனின் கை பழக்க தோஷத்தில் ஒரு நொடி கழித்து விழுந்தது. அதோடு கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகக் குதித்து இறங்கினார்கள். தரை அதிர்ந்தது. பாட்டு தடுமாறி நின்றே போனது.

மாலக்கி குச்சிகளைப் பிடித்தபடி கூட்டத்தையே பார்த்தான். அவனுடைய தாமதத்தை ஒரு துளி பிசகாமல் அத்தனை உடம்புகளும் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தன.

பின்னாலிருந்து கறிக்கடை டோனல் கத்தினான்: "ஏம்பா மாலக்கி, என்ன அவசரம்? இரு, நாங்களும் வரோம்."

மண்டபம் சிரித்து உருண்டது. மாலக்கி குனிந்தான், தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது அவனும்தான் சிரித்துக்கொண்டிருந்தான், கண்கள் நனைந்திருந்தன.

"மறுபடி ஆரம்பிக்கலாம்," என்றான் என்னிடம்.

"எப்படி அடிக்கப்போற?"

"என் கையைப் பாரு. முன்னாடி அப்படித்தான வாசிப்ப."

மறுபடி அந்த மௌனம் வந்தது. கைகள் உயர்ந்தன. மாலக்கி அவசரப்படாமல் ஒரு விரலால் கண்ணாடியை மேலே தள்ளினான். அவன் அடித்தான், நான், ஃபின்டன், அந்த மண்டபம் எல்லாம் ஒன்றாக இறங்கினோம். அதிர்வில் கண்ணாடி மறுபடி வழுக்கியது. அவன் அதைத் தொடவில்லை.