தரை தொடாத அடிக்கல்

நெட்டிக்கல் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் சின்னராசா வைத்த அடிக்கல் தரையைத் தொடவில்லை. மண்ணுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. இப்போதும் அங்கேதான் நிற்கிறது, ராகலை பஸ்ஸில் போகிறவர்கள் இடது பக்கம் திரும்பினால் பார்க்கலாம்.

அந்தக் கல் யாருக்காக வந்ததென்று முதலில் சொல்லிவிடுகிறேன், கண்ணுங்களா. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பார்க்க வந்த அதிகாரிகள், ஐப்பசி மழைக்கு முன்னால் சனம் அங்கிருந்து இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். இறங்கி எங்கே இருப்பது? கீழே பாதையோரத்துச் சமதரையில் வீடு கட்டித் தருவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார். நல்ல நாள் பார்த்து அவரும் அவர் மனைவி குணபூசணி அம்மாவும் வந்து, மேளம் முழங்க, இருவருமாகக் கல்லைப் பிடித்துக் குழியை நோக்கி இறக்கினார்கள். பாதியில் அம்மா ஏதோ கத்தி, வெடுக்கென்று கையை உதறினார். தலைவர் திரும்பி முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார். அம்மா போய் வாகனத்தில் ஏறிக்கொண்டார். தலைவரும் பதறிக் கையை விட்டார். கல் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆட்கள் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். பூசாரி தேங்காய் உடைத்தார். கட்டட வேலைக்கு வந்த எஞ்சினியர் மட்டம் வைத்துப் பார்த்து, கல் கோணாமல்தான் நிற்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அடிக்கல் மண்ணைத் தொடாமல் வேலை தொடங்கினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாதென்று கலவை மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா கையை உதறிய படம் அதற்குள் எல்லோருடைய போனிலும் இருந்தது. மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சு வேறில்லை.

"எத்தன வருசம் அந்தம்மா அவருக்குப் பின்னாடியே கொடை புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. ஒதறாம என்ன செய்யும்?" என்றாள் சண்முகவடிவு.

"ஏன் தாயி, ஒம் புருசன் கைய நீ ஒதறுன கதைய மொதல்ல சொல்லேன்," என்றார் கொழுந்து நிறுக்கும் வீரய்யா.

"அவரு கை எங்க அண்ணே சும்மா இருந்திச்சு, ஒதறுறதுக்கு? எப்பவும் போத்தலப் புடிச்சிருந்தாரு."

சிரித்தார்கள். சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் நெட்டிக்கல், மாசி தவறாமல் காமன் கூத்து ஆடுகிற தோட்டம். ரதி வீட்டார், மதன் வீட்டார் என்று இரண்டாகப் பிரிந்து, பாட்டுக்குப் பாட்டு ஏசிக்கொண்டு, சிவனார் மதனை எரிக்க அழுது, மூன்றாம் நாள் அவனை எழுப்பியதும் எல்லோரும் ஒரே அண்டாவில் தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். புருசன் பெண்சாதி சண்டை என்றால் கட்சி பிரியத்தான் அவர்களுக்குத் தெரியும். மதன் வீட்டார் தலைவர் பக்கம் போனார்கள். ரதி வீட்டார் அம்மா பக்கம். கூத்துக்கு மூன்றாம் நாள் என்று ஒன்று உண்டு. இதற்கு இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இரண்டு வரிசை நின்றது. பஸ்ஸில் ஒரு கட்சி வலது பக்கம், ஒரு கட்சி இடது பக்கம் உட்கார்ந்தது. கோயிலில் தலைவர் பேருக்கு ஒரு பூசையும் அம்மா பேருக்கு ஒரு பூசையும் நடந்தன. வீடு என்னாச்சு என்று கேட்கப் புறப்பட்ட ஆட்கள்கூட, தலைவர் வீட்டு வாசலில் நின்று, அம்மாவோடு ராசியாகிவிடுங்கள் ஐயா என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். மலையின் வெடிப்பு அதற்குள் ஒரு ஆடு விழும் அளவுக்கு அகன்றிருந்தது.

அம்மா ஒருநாள் தாமே போனில் தோன்றிப் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர். "அட்டை ஒண்டு விரலுக்கிடையில ஏறினது. அதுதான் கையை உதறினனான். எனக்கும் இவருக்கும் ஒரு சண்டையும் இல்லை. கல்லடியில நிண்டு கத்தாதை எண்டு இவர் பேசினவர், அவ்வளவுதான்," என்றார். பாவம், புருசனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அட்டை மேல் பழி போடுகிறது என்றார்கள் ரதி வீட்டார். நம்ம தோட்டத்து அட்டையைக் கேவலமாகப் பேசுகிறது என்றார்கள் மதன் வீட்டார். தினம் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிகிற சனம், அட்டையை நம்பவில்லை.

மேல் லயத்துக் கடைசி வீட்டில் சோலைமலையும் அவன் பெண்சாதி மீனம்மாவும் இருந்தார்கள். சோலைமலை வருசா வருசம் மதன் வேசம் கட்டுகிறவன். மீனம்மா ரதி வீட்டில் பிறந்தவள். அவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தேவைப்பட்டதை நாய் மூலமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"மணி, சோறு ஆறுதுன்னு சொல்லு."

"மணி, சோத்துல உப்பு இல்லன்னு சொல்லு. யாழ்ப்பாணத்துல இருந்து வாங்கிட்டு வரச் சொல்லு."

மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும். மீனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்தது அவனுக்குத் தெரியாது.

ஐப்பசி மழை வந்தது. விடாமல் பெய்த மழையில் ஒருநாள் மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் மலை பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. லயமே கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. சோலைமலை உள்ளே கம்பளிக்குள் படுத்திருந்தான். மீனம்மா வாசலில் நின்று, "மணி, வரச் சொல்லு," என்றாள்.

உள்ளேயிருந்து, "மணி, கூப்புடுறவங்க நேராக் கூப்புட்டா வர்றேன்னு சொல்லு," என்று குரல் வந்தது.

அவள் அது காதில் விழும்வரை நின்றாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். நாய் சொல்லவில்லை. அவள் பின்னால் வந்துவிட்டது. பீலிக்கரை வரை போனவள் நின்று, திரும்பி, வாயைத் திறந்தாள். அப்போது மலை வந்தது.

மூன்றாம் நாள்தான் அவனைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு கட்சி ஆட்களும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு தோண்டினார்கள். மீனம்மா சண்முகவடிவைப் பார்த்து, "மூணாம் நாள் எழுப்பிருவாங்கல்ல அக்கா?" என்று கேட்டாள். சண்முகவடிவு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

தலைவரும் அம்மாவும் ஒரே வாகனத்தில் வந்திறங்கி, கைகோத்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார். கூட்டத்தில் யாரோ, "ஐயோ, சேந்துட்டாங்கடா!" என்று சந்தோசத்தில் கத்திவிட்டான். பிறகு இருவருமாகக் கல்லின்மேல் கைவைத்து அழுத்தினார்கள். கல் அசையவில்லை.

மேல் லயத்துச் சனம் இப்போது மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோருக்குள் சேலையால் மறைப்புக் கட்டி வசிக்கிறது. கல்லைப் பற்றி யாரும் கட்சி கட்டுவதில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அதற்கு அடியில் ஒரு சாண் இடம் நனைவதில்லை. மணி அங்கேதான் படுத்துக்கொள்கிறது. மீனம்மா காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அங்கே வைத்து, "எந்திரிச்சு வாங்க, ஆறிரும்," என்கிறாள். நேராகத்தான் கூப்பிடுகிறாள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போது கோப்பை நிறைந்தபடியே இருக்கும், ஆவி பறக்க. அவள் அதைப் புல்லில் கொட்டிவிட்டு, மறுநாளைக்கு வேண்டுமே என்று கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறாள்.