மகளுக்கு ஒரு பேனர்

என் வீட்டுக்காரர் சக்கரபாணிக்குக் கட்சிதான் மூத்த தாரம். நான் இரண்டாவதாக வந்தவள். கல்யாணமான மறுவாரமே என் அடுப்பில் மைதா மாவைக் காய்ச்சி, போஸ்டர் ஒட்டப் பசை கிண்டினார். திருவண்ணாமலையில் போஸ்டரை மாடு நக்கித் தின்றுவிடும் என்று அதில் மயில்துத்த விஷம் வேறு கலந்தார். அந்தப் பாத்திரத்தை நான் திரும்பச் சமையலுக்கு எடுக்கவே இல்லை.

நாற்பது வருஷம் ஊர் முழுக்க மற்றவர்கள் முகத்தை ஒட்டினார். ஒரு பதவியும் வரவில்லை. அதற்குக்கூட அவர் வருத்தப்பட்டதில்லை. பொதுக்கூட்டத்தில் பேச வருகிறவர்கள் முதலில் துண்டுச்சீட்டைப் பார்த்து, 'மாவட்டச் செயலாளர் அவர்களே, வட்டச் செயலாளர் அவர்களே' என்று அரைமணி நேரம் பெயர் வாசிப்பார்கள் அல்லவா? பெயர் வந்த ஆள் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டுவிட்டு உட்காருவார். இவரும் துண்டைச் சரிசெய்துகொண்டு மேடை ஓரமாகவே காத்திருப்பார். ஒருநாளும் இவர் பெயர் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "சீட்டு எழுதனவன் மறந்துட்டான், பாஞ்சால" என்பார். எனக்கு வயிறு எரியும்.

எங்கள் மகள் கயல்விழி நர்ஸ் வேலைக்குக் கனடா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த நாட்டுப் பிரஜையாகி, முதலில் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு நின்று ஜெயித்தாள். அப்புறம் அங்கே ஒரு மாகாணச் சட்டசபைக்கே நிற்பதாக வீடியோ காலில் சொன்னாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சின்னம் இன்னாம்மா?"

"சின்னம்லாம் இல்லப்பா. பேரைப் பார்த்துதான் ஓட்டு."

"கொடி, மேளம்?"

"ஒண்ணும் கெடயாது. பனில நடந்து வீடு வீடா கதவ தட்டுறேன். கூட ரெண்டு பேர் வராங்க."

அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை. பெண் அங்கே நாதியில்லாமல் தேர்தலில் நிற்கிறாளாம். "ஊருக்கெல்லாம் ஒட்டனேன், என் பொண்ணுக்கு ஒரு பேனர் கூடவா இல்ல?" என்று புலம்பிக்கொண்டே வேங்கிக்காலில் இருக்கும் கோபியின் பேனர் கடைக்குப் போனார். மறுநாள் கிரிவலப் பாதைக்குத் திரும்பும் எங்கள் தெருமுனையில் கயல்விழி மாடி உயரத்துக்கு நின்று சிரித்தாள். 'கனடாவைக் கலக்க வந்த திருவண்ணாமலை மண்ணின் மகளே! வருங்கால முதல்வரே!' கீழே வரிசையாக ஆம்பளைகள் படம், டீ மாஸ்டர் உட்பட. அதில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

"அவ எம்.எல்.ஏ.வுக்குத்தானே நிக்கிறா?" என்று கேட்டேன்.

"வார்டுக்கு நிக்கிறவனுக்கே இங்க முதல்வர்னு போடுறாங்க. என் பொண்ணுக்குக் கம்மியா போடுவனா?"

பௌர்ணமி கிரிவலத்துக்குக் கனடாவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனது. அங்கே அதை யாரோ மொழிபெயர்க்க, படம் எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் சிக்கிவிட்டது. அந்த மாகாணத்துக்கும் ஒரு முதல்வர் உண்டு. அந்த நாற்காலிக்குக் கயல்விழியின் கட்சித் தலைவரே காத்துக்கொண்டிருக்கிறார். கூட நிற்கும் பெண்ணே அவர் நாற்காலிக்குக் குறிவைக்கிறாள் என்று ஊரெல்லாம் கேலி. 'பேனருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, வைத்தவர் யாரென்றே தெரியாது என்று மேடையில் சொல்லிவிடு. இல்லாவிட்டால் வேறு ஆளை நிறுத்துவோம்' என்று கட்சி ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கயல்விழி அழுதுகொண்டே போனில் சொன்னாள்.

எனக்கு இவரை அப்படியே கடித்துக் குதறலாம் போல இருந்தது. இவரோ பதறவே இல்லை.

"இதுக்கா அழுவுற? அந்த ஆள் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடும்மா. கட்சில இதெல்லாம் சகஜம். போஸ்டர் கேஸ்ல என்னைப் புடிச்சிட்டுப் போனப்ப, எங்க தலைவருங்க கூட என்னைத் தெரியாதுன்னுதான் சொன்னாங்க. நான் கோச்சிக்கினனா?"

அவள் போனை வைத்துவிட்டாள். இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், முழங்கால் வலியோடு தானே ஏறிப் பேனரைக் கழற்றி, சுருட்டிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை. மனசு வரவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் ஊரில் சாயங்காலம் கூட்டம், நமக்குக் காலை. போனில் நேரலையாக வந்தது. பீரோமேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மேடையில் அவள் கட்சித் தலைவரும் இருந்தார்.

"தெரியாதுன்னு சொல்லப் போறா. நீ அழுது வெக்காத" என்றார் இவர். சொன்னவர் எதற்கோ தோளில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கயல்விழி மைக்குக்கு முன்னால் வந்தாள். மண்டபம் நிறைய வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது என்று தெரிந்தும் தமிழில்தான் ஆரம்பித்தாள்.

"திருவண்ணாமலைல இருந்து பார்த்துக்கிட்டிருக்கிற, நாற்பது வருஷம் கட்சிக்காக உழைச்ச, எனக்குப் பேனர் வெச்ச, என் அப்பா சக்கரபாணி அவர்களே!"

அப்புறம் இங்கிலீஷில் பேசினாள். எங்கள் ஊரில் பாசம் ஜாஸ்தியானால் முதல்வர் என்றுதான் எழுதுவார்கள், அவர் என் அப்பா, அவரைத் தெரியாது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்றாளாம். மருமகன் பிற்பாடு சொன்னார். மண்டபமே சிரித்தது. அந்தத் தலைவரும் சிரித்துக் கைதட்டினார். ஆளை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. பிறகு அவள் ஜெயிக்கவும் ஜெயித்தாள்.

இதில் எதுவும் இவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம்தான். பெயர் வந்ததுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். துண்டைச் சரிசெய்துகொண்டு போனுக்கு ஒரு கும்பிடு போட்டார். ஜன்னல் பக்கம் ஒரு கும்பிடு, அடுப்படிப் பக்கம் ஒரு கும்பிடு. கடைசியில் கண் கலங்க என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

கூட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் கைதட்டினேன், கை சிவக்கும் வரைக்கும்.