நாச்சிமுத்து சாரின் பிரிண்டர்

தேர்வு எழுத வருகிறவர்கள் படித்ததை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் மூக்குத்தியைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். தலையிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் படித்ததைக் கேட்டார்கள்.

எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு சாக்கு நிறையக் கொண்டு வந்திருந்தார். ஓர் அம்மா தன் மகள் படித்ததையெல்லாம் கட்டைப்பையில் சுமந்து வந்து, சிந்தாமல் இறக்கி வைத்தார். நான் என்னுடையதை எடுத்து மேசையில் வைத்தேன். அது ஒரு தீப்பெட்டியில் அடங்கிவிட்டது.

காவலாளி தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடிக் குலுக்கினார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதாங்க."

"மொதல் பாடம் மட்டுந்தான் இருக்குது. அதுலயும் பாதியக் காணோம்."

"பாதியில போன் வந்துடுச்சுங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணினி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கணினி படுத்துவிட்டாலும், யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு வருடம் இப்படியே ஓடியது. போன மாதம் மேலாளர் நாச்சிமுத்து சார் திடீரென்று ஒரு புதுச் சட்டம் போட்டார். கணினி உதவியாளர் சான்றிதழ் இல்லாவிட்டால் தேர்வுக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என் நாற்காலி எனக்கில்லை. அந்த நாற்காலி போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அது அவருக்கும் தெரியும்.

படிப்பதற்கென்று ஒரு வாரம் விடுப்பும் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்த ஏழு நாளும் போன் செய்தார். பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதாம். நான் புத்தகத்தை மூடிவிட்டு, பின்பக்க மூடியைத் திறங்க சார், பச்சைப் பிடியை இறக்குங்க சார், பேப்பர் போகிற பக்கமே மெதுவாக இழுங்க சார் என்பேன். நான் புத்தகத்தைத் திறப்பதற்குள் மறுபடியும் சிக்கியிருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் ஆபீசில் சாமியும் அவர்தான், பூசாரியும் அவர்தான்.

காவலாளி சோதனைக் கருவியை என் உடம்பில் மேலிருந்து கீழே ஓட்டினார். நெஞ்சுக்கு நேராக வந்தபோது அது கத்தியது.

"இங்க என்னமோ வெச்சிருக்கறீங்க."

"கோபம்."

அவர் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"கோபம் இதுல இல்லீங்க. கொண்டு போலாம். ஆனா ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாங்க, பாத்துக்குங்க."

"புத்தியத்தான் நீங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்களே."

அவர் ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார்.

தேர்வு, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஓரத்து மேடையில் ஒரு நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் படுத்திருந்தார்கள். நீள மேசையில் வரிசையாகக் கணினிகள். ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் ஒரு வாழை இலை. நான் வந்தபோது மேசையின் கடைசி கண்ணுக்குத் தெரிந்தது. உட்கார்ந்ததும் பந்தி நீண்டுவிட்டது, கடைசி தெரியவில்லை.

இரண்டு சாக்குக்காரர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது அவர் முகம்.

"நான் எதுக்குங்க இங்க வந்தேன்?" என்று கேட்டார்.

"பரீட்சை எழுத."

"அப்படீங்களா. ரொம்ப நன்றிங்க."

கண்காணிப்பாளர் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி. ஒரு கையில் வாளி, மறு கையில் கரண்டி. இலையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். வாளியிலிருந்து ஒரு கேள்வியை அள்ளி இலையில் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"

"போதுங்க."

"ஒண்ணுதான் வெச்சிருக்குது. கூச்சப்படாதீங்க."

"போதுங்கறேன்."

கேள்வி ஒரே வரி. 'உங்கள் பயனாளரின் பிரச்சினையைத் தீர்க்கவும்.' கணினி தானாக விழித்துக்கொண்டது. திரையில் எங்கள் ஆபீஸ் தெரிந்தது. நடுவில் நாச்சிமுத்து சார் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். "மேடம், இது என்ற ஆபீசுங்க."

"எல்லாருக்கும் அவங்கவங்க ஆபீசுதாங்க. வெளியில வாங்கினா தரம் இருக்கறதில்லை."

"லீவு போட்டு, பீஸ் கட்டி, இங்க வந்தும் அதே வேலையவா பாக்கறது?"

"உக்காருங்க. பந்தியில பாதியில எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"ஹலோ, யாரு பேசறது?" என்றார் நாச்சிமுத்து சார்.

ஆறு வருடமாக இந்தக் குரலைத்தான் தினமும் கேட்கிறார். நேற்றும் கேட்டார்.

"உதவிப் பிரிவுங்க சார்."

"நல்லவேளை. எங்க ஆபீசுலயும் ஒண்ணு இருக்குது. படிக்கறேன்னு லீவு போட்டுட்டு ஊர் சுத்திட்டிருக்குது."

என் முன்னாலிருந்த இலையின் ஓரம் சூட்டில் வதங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "என்ன பிரச்சினைங்க சார்?"

"பிரிண்டர்ல சிக்கிடுச்சும்மா."

"பேப்பருங்களா?"

"ஆளு."

கேமராவைத் திருப்பினார். பிரிண்டரின் வாயிலிருந்து ஒரு பெண் இடுப்புவரை வெளியே வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். இரண்டு முழங்கைகளையும் பேப்பர் தட்டின் மேல் ஊன்றியிருந்தாள். ஆள் மிகவும் வெளிறிப்போயிருந்தாள்.

"மை மிச்சம் ஆகட்டும்னு டிராஃப்டுல போட்டேன்" என்றார் சார்.

"யாருங்க சார் இது?"

"புது ஆளு. கம்ப்யூட்டர் சப்போர்ட்டுக்கு. சான்றிதழோடவே வர்ற மாடல். பழசு எப்படியும் பாஸ் பண்ணாது. அதான் இப்பவே ஒண்ணு போட்டு வெச்சுக்கலாம்னு."

பிரிண்டருக்குப் பக்கத்தில் என் நாற்காலி தயாராகப் போட்டிருந்தது. முதுகு வலிக்கு நான் வாங்கி வைத்த தலையணையைக்கூட எடுக்கவில்லை.

நான் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். "இவளை வெளிய எடுத்துக் குடுத்தா நான் பாஸுங்களா?"

"பாஸ்."

"பாஸானா என்ற வேலை?"

"அது அந்த நாற்காலியில யாரு உக்காந்திருக்காங்கங்கறதப் பொறுத்துதுங்க. எங்களுக்குச் சம்பந்தமில்லை."

"எடுக்காட்டி?"

"ஃபெயிலு."

"ஃபெயிலானா நாற்காலி காலியா இருக்கும். ஆனா எனக்குக் கெடைக்காது."

"சரியாத்தான் புரிஞ்சிருக்குது உங்களுக்கு" என்று சொல்லி, இலையில் ஓர் அப்பளம் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அப்பளத்தை நொறுக்கினேன். எப்படிப் போனாலும் மண்டையில் அடிக்கிற மாதிரி ஒரு கேள்வியைச் செய்து, அதற்குத் தண்ணீர் வேறு தெளிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

விடை தெரியாமல் இல்லை. வாசலில் படித்ததைத்தான் வாங்கிக்கொண்டார்கள், பட்டதை யாரும் கேட்கவில்லை. அந்தப் பிரிண்டரிடம் நான் பட்டது அத்தனையும் என்னிடமே இருந்தது. போகிற பக்கம் மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். எதிர்ப்பக்கம் இழுத்தால் கிழிந்துவிடும். கிழியட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "இடுப்பு நசுங்குது."

"உன்ற பேரென்ன?"

"பேரு போட்ட கார்டு இடுப்புக்குக் கீழ தொங்குதுங்கக்கா. அது இன்னும் வரல."

அவள்மேல் கோபப்பட ஏதாவது பிடி கிடைக்கிறதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. பெயர்கூட இல்லாதவளிடம் என்ன சண்டை போடுவது?

நாச்சிமுத்து சார் டீ சொல்லப் போனார். ஒருத்தி பாதி உடம்போடு தொங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு டீ வேண்டியிருக்கிறது.

"நீ பரீட்சைக்குப் படிச்சியா?" என்று அவளிடம் கேட்டேன்.

"படிக்க எங்கக்கா உட்டாங்க? சான்றிதழக் கையில குடுத்து, போ போன்னு தள்ளிட்டாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது. பயமா இருக்குதுங்கக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "வெளிய எப்படிங்கக்கா?"

சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்தால் போன் வரும் என்று சொன்னேன். என் தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது நான் மண்டபத்துக்கு வெளியே நின்று சாருக்கு வைஃபை பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். டைபாய்டில் படுத்திருந்தபோது, படுத்துக்கொண்டே பேசலாமே என்று அவர் கேட்டதைச் சொன்னேன்.

"எல்லாம் நல்லா ஓடினா நீ எதுக்கு இருக்கறேம்பாங்க. ஏதாவது நின்னு போச்சுன்னா அப்பவும் நீ எதுக்கு இருக்கறேம்பாங்க. ஆறு வருசம் ஆச்சு. என்ற குரலு இன்னும் அவருக்குத் தெரியல" என்றேன்.

பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. பார்க்கட்டும்.

அந்தப் பெண் நாடியில் கைவைத்து யோசித்தாள்.

"அக்கா, வந்த வழியே திரும்பிப் போக முடியுங்களா?"

"கேன்சல் அழுத்தினாப் போலாம். உள்ள எடம் இருக்குதா?"

"இருக்குதுங்கக்கா. எனக்குப் பின்னால பெரிய வரிசையே நிக்குது. எல்லாம் என்னைய மாதிரிப் புள்ளைங்கதான். போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"வராதீங்கன்னு."

கண்காணிப்பாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அது சரியான விடை இல்லீங்க."

"தெரியுங்க."

நாச்சிமுத்து சார் டீ டம்ளரோடு திரும்பி வந்தார். "ஆச்சாம்மா?"

"முன்னால செவப்பு பட்டன் இருக்குதுங்க சார். அத அழுத்துங்க."

அழுத்தினார். அது எதற்கு என்று கேட்கவில்லை. அவர் எதையும் கேட்டதில்லை, அதுதான் ஆறு வருடமாக என் பிழைப்பு. பிரிண்டர் உறுமியது. அந்தப் பெண் முழங்கைகளைத் தட்டிலிருந்து எடுத்தாள். நெஞ்சு உள்ளே போனது, கழுத்து போனது. என்னைப் பார்த்து வர்றேங்கக்கா என்றாள். கடைசியாக அவள் ஜடை போனது. பிறகு ஒரு வெள்ளைத் தாள் வெளியே வந்து விழுந்தது.

"ஏம்மா, ஆளு உள்ள போயிடுச்சே! இரு, வேற ஒண்ணு போடறேன்."

போட்டார். வெள்ளைத் தாள் வந்தது. மறுபடியும் போட்டார். ஆண் ஒன்று போட்டுப் பார்த்தார். கலரில் போட்டுப் பார்த்தார். தாள் தாளாக விழுந்து அவர் செருப்பை மூடியது. எல்லாம் வெறும் தாள்.

"யாருமே வர மாட்டேங்கறாங்கம்மா!"

"ஆமாங்க சார்."

கண்காணிப்பாளர் குனிந்து என் இலையைக் கருமாதிப் பந்தியில் மூடுவது போல வெளிப்பக்கமாக மூடினார். "ஃபெயிலுங்க" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து இலைக்குப் போனார்.

ஹெட்போனில் சாரின் குரல் இறங்கி வந்தது.

"ஏம்மா, இந்தக் குரல எங்கியோ கேட்டிருக்கறேனே. தமயந்திதானே?"

"தமயந்திதாங்க சார்."

"நீதானா அம்மிணி! மொதல்லயே சொல்ல வேண்டாமா? சரி சரி, எதையும் மனசுல வெச்சுக்காத. சான்றிதழ் கெடக்குது கழுதை. திங்கக்கெழமை வந்து உன்ற நாற்காலியில உக்காரு. வேற ஆளு வர்ற மாதிரி தெரியல."

ஆக, வேலை கிடைத்துவிட்டது. நான் கேட்டது அதுதான். வேண்டியது கிடைத்தால் கோபம் தணியும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை, தலைக்கு மேலே ஏறியது. சான்றிதழ் கிடக்கிறதாம். ஒரு வார்த்தையில் கிடக்கக்கூடிய ஒன்றுக்காகத்தான் நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேனா? மூக்குத்தியைக் கழற்றிக் கண்டவர் கையில் கொடுத்தேனா? பக்கத்து இலையில் பரிமாறிக்கொண்டிருந்த கண்காணிப்பாளரின் வாளி கொதிக்கத் தொடங்கியது. அவர் புடவைத் தலைப்பால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா சத்தத்தையே காணோம்? வர்றேதானே? அப்படியே இந்தப் பிரிண்டரையும் கொஞ்சம்..."

"ஒரு நிமிசம் லைன்லயே இருங்க சார்" என்றேன்.

"சரிம்மா, சரிம்மா."

அவரை ஹோல்டில் போட்டேன். ஓரத்து மேடையில் படுத்திருந்த நாதஸ்வரக்காரர் எழுந்து உட்கார்ந்து, சாருக்காக வாசிக்க ஆரம்பித்தார். தவில்காரரும் சேர்ந்துகொண்டார். திரையில் சார் டம்ளரைப் பிடித்தபடி, காதில் போனோடு, தாள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். உட்கார என் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார அவருக்குத் தயக்கமாக இருந்திருக்க வேண்டும்.

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு மேடையிலிருந்தே கேட்டார். "எவ்வளவு நேரம் வாசிக்கோணுங்க அம்மிணி?"

"ஒரு வாரம்" என்றேன். "நான் படிக்கோணும்."