கைராசி

பென்னிக்கு இடுப்பில் பிடித்துக் கெண்டைக்கால் வரை இழுக்கும் வலி. "எல்லாம் வாயுதான்" என்று தீர்ப்பளித்த இரும்பாலை சூப்பர்வைசர் மணவாளன் பூண்டுப்பால் குடிக்கச் சொன்னார். குடிக்கக் குடிக்க வலி நின்றது. "பாத்தியா, நம்ம கைராசி!" என்று அவர் கும்மிடிப்பூண்டி முழுக்கப் பீற்றிக்கொள்ள, பென்னியும் நம்பிப் பழையபடி கம்பி தூக்கினான்.

ஒரு நாள் மாலை வீடு வந்தவனை மனைவி ஹெலன் வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னாய்யா, ஒத்தச் செருப்போட வர்ற? இன்னொண்ண எங்க உட்ட?"

பென்னி குனிந்து பார்த்தான். வெறும் இடது பாதத்தைக் கல் கிழித்து ரத்தம் வந்திருந்தது. கிள்ளினான். "யாரு காலையோ கிள்ற மாரி கீது" என்றான்.

"வலி போவலய்யா, காலுதான் போய்க்கினு கீது. நரம்பு டாக்டராண்ட போலாம், ஏறு ஆட்டோல. உன் கைராசிக்காரரு பூண்டு உரிச்சிக்கினு கெடக்கட்டும்."

ஆட்டோவில் ஏறியபின், இடது கால் உள்ளே வந்துவிட்டதைப் பென்னி பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.