எட்டு விளக்குகள்

"எட்டு விளக்கும் எப்படி எரியுது பாருங்க, மிஸ்டர் நெய்னா," என்றார் என் மேனேஜர் சுந்தரம். "ஒண்ணுகூட சும்மா இல்ல. இன்னும் நாலு போட்டா பறக்கும் லா!"

கெப்பல் ரோட்டில் ஒரு சரக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை. ஐஸ் பெட்டிக்குள் நிற்பதுபோல் குளிர். நாங்கள் விற்ற ஆளுயர இயந்திரத்துக்குள் கணக்குப் போடும் மூளைகளாக எட்டு பிராசசர்கள், முகப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. ஓடினால் எரியும், ஓய்ந்தால் அணையும். கண்ணாடிக்கு அப்பால் முப்பது கிளார்க்குகள் டெலிவரி ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆர்டரைக் கேட்டால் திரைக்கு வர எட்டு விநாடி. அதுதான் புகார். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் நெய்னா முகம்மது விளக்குகளைப் பார்த்துத் தலையாட்டினார். என் முன்னால் ஒரு தாள். எட்டும் முழுமையாக உழைக்கின்றன, மேலும் நான்கு சேர்த்தால் வேகம் ஒன்றரை மடங்காகும் என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே என் பெயர், பிரிஜட் மரியஅந்தோணி, சிஸ்டம்ஸ் இன்ஜினியர். கையெழுத்துக்குக் காலியிடம்.

அந்தத் தாள் பொய். விளக்கு மட்டும் பொய் சொல்லவில்லை. எட்டும் ஓடத்தான் செய்தன. இந்த இயந்திரத்தின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஒற்றைப் பிராசசருக்கென்று எழுதியிருந்தார்கள். பல பிராசசர்களை வைத்தபோது ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்காமலிருக்க நடுவில் ஒரே ஒரு பூட்டைப் போட்டுவிட்டார்கள். டிஸ்கைத் தொட, திரைக்கு ஒரு வரி அனுப்ப, எதற்கும் அந்தப் பூட்டைப் பிடித்தாக வேண்டும். ஒன்று பிடித்திருக்கும்போது மற்றவை 'ஆச்சா, ஆச்சா' என்று ஓயாமல் கேட்டபடி சுற்றும். கேட்பதும் ஓட்டம்தான், விளக்கு எரியும். கேட்கும் கூட்டம் பெருகினால் பூட்டைப் பிடித்து உள்ளே இருப்பதன் வேலையும் கெடும்.

இரண்டு வாரம் உட்கார்ந்து இதை அளந்தேன். ஆனால் சந்தேகம் வந்தது அளப்பதற்கு முன்பே. ஓ லெவல் பரீட்சை எழுதிய விடுமுறையில் அம்மா வேலை பார்த்த ஹோட்டல் சலவைக்கூடத்துக்கு நானும் போனேன். பன்னிரண்டு பெண்கள், தேய்ப்பதற்கு ஒரே ஒரு உருளை மெஷின். முறை வரும்வரை சும்மா நின்றால் சூப்பர்வைசர் பெயரைக் குறித்துக்கொள்வாள். "மடிச்சதையே பிரிச்சு மடிடி," என்று அம்மா காதருகே சொன்னாள். ஒரே டவலைப் பதினொரு தடவை மடித்தேன். சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துத் திருப்தியாகப் போனாள். ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில் டிவி பார்க்கும்போதும் அம்மாவின் விரல்கள் முந்தானையை மடித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முந்தின நாள் தேக்கா காப்பிக்கடையில் இதை எல்லாம் சுந்தரத்திடம் சொன்னேன்.

"அந்த ஒரு பூட்டைப் பல பூட்டாப் பிரிக்கணும் சார். டிஸ்குக்கு ஒண்ணு, திரைக்கு ஒண்ணு. ஆறு மாசம் குடுங்க, நானே எழுதுறேன்."

"ஆறு மாசமா? நாலு பிராசசரை நான் நாளைக்கே வித்துடுவேன்." தே தாரிக் டீயை உறிஞ்சினார். "உங்கப்பா என்ன வேலை?"

"ஹார்பர்ல வாட்ச்மேன்."

"பாத்தியா. வீட்டுலயே மொத கிராஜுவேட். அடுத்த மாசம் உனக்கு வேலை கன்ஃபர்மேஷன். வாயை அடக்கு லா."

அப்பா ராத்திரியெல்லாம் கேட்டில் நின்று எனக்குப் பீஸ் கட்டியது வாயை அடக்கவா? எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சுந்தரம் தன் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான் கீபோர்டை இழுத்தேன். நான்கு பிராசசர்களை நிறுத்த நான்கு கட்டளைகள். எட்டாவது விளக்கு அணைந்தது. ஏழாவது. ஆறாவது. ஐந்தாவது.

"ஏய், என்ன பண்றே நீ?" என்றார் சுந்தரம்.

"மிஸ்டர் நெய்னா, இப்ப வெளிய போயி ஒரு ஆர்டர் கேக்கச் சொல்லுங்க. வாட்ச்ல பாருங்க."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். முதல் மேஜைப் பெண்ணின் குரல் உள்ளே கேட்டது.

"என்னா சார், ரிப்பேர் முடிஞ்சிருச்சா? இப்பத்தான் கொஞ்சம் வேகமா வருது!"

மூன்று தடவை கேட்கச் சொன்னார். வாட்சைப் பார்த்தபடியே திரும்பி வந்தார்.

"ஆறு விநாடி," என்றார். அணைந்த நான்கு விளக்குகளைக் காட்டினார். "அப்ப இது நாலும் இத்தன நாளா என்னம்மா செஞ்சுச்சு?"

"கியூல நின்னுச்சு சார். உள்ள இருக்கறதையும் இடிச்சுக்கிட்டு."

"இன்னும் நாலு போட்டா?"

"கியூ நீளும்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. கையெழுத்தில்லாத தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். சுந்தரத்தின் கழுத்து அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது.

"ஆன் பண்ணு, பிரிஜட்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எட்டையும். இப்பவே."

கண்ணாடிக்கு அப்பால் முப்பது பேரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். முகப்பில் நான்கு பச்சை, நான்கு இருட்டு. பேனா மேஜைமேல் திறந்தே கிடந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் சாய்ந்தேன். என் கைகள் மடிமேல் சும்மா கிடந்தன.