டீச்சரின் பெட்டி

வட்ட ஓட்டைக்குள் சிவப்பாக ஒரு விளக்கு எரிகிறது, எரிந்துவிட்டது, எரிந்தேவிட்டது என்று மொட்டைமாடி அறையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறேன், ஐம்பத்திரண்டு வயதில் குதித்தால் தரைக்குத்தான் ஆபத்து என்கிறாள் பிலோமி, அதை அவள் அன்றைக்குத்தான் சொன்னாளா, இல்லை, பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததில் நானே என் மனைவியின் வாயில் வைத்துவிட்டேனா, தெரியவில்லை, ஆனால் விளக்கு எரிந்தது, அது நிச்சயம், ராயபுரத்தில் புறாப் பெட்டிக்குள் கணினியை ஓடவிட்ட முதல் ஆள் நான்தான், இரண்டாவது ஆள் இன்றுவரை வரவில்லை என்பதே அதன் பெருமையைச் சொல்லிவிடும். பிலோமி ஏழு வருடம் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த பாகங்களைக் கோணிப்பையில் அள்ளி வந்திருந்தாள், மதர்போர்டு ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று, செங்கல் போல் கனத்த பவர் சப்ளை ஒன்று, எல்லாவற்றுக்கும் உயிர் இருந்தது, உடுத்தத்தான் ஒன்றும் இல்லை, தரையில் அம்மணமாகக் கிடந்து ஓடின. ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலைக்கு அவள் மனு போட்டிருக்கிறாள், ஒரு மணி நேரத் தேர்வு, நடுவில் அறுந்தால் மறு வாய்ப்புக் கிடையாது, ஒத்திகை பார்த்த அன்று கூரையிலிருந்து ஒரு பல்லி மதர்போர்டின் மேல் விழுந்தது, திரை கறுத்தது, பல்லி வாலை விட்டுவிட்டு ஓடியது, பிலோமி அந்த வாலைத் துடைப்பத்தால் தள்ளினாள், அவள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன், பேசாமல் பெருக்கியதால்தான் நானே ஒரு பெட்டி செய்கிறேன் என்று வாய்விட்டேன், ஆணி அடித்தால் விரலையும் சேர்த்து அடித்துக்கொள்கிற நான்.

அட்டைப்பெட்டியில் வைத்தேன், கருகல் வாசம் வந்தது, பிஸ்கட் டின்னில் வைத்தேன், ஷாக் அடித்து என்னைத் தூக்கி எறிந்தது, மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு மாடியில் நின்றபோதுதான் சுவரில் அதைப் பார்க்கிறேன், பலகைப் பெட்டி, முன்னால் வட்ட ஓட்டை, பின்னால் திறந்து மூடும் கம்பிவலை, காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, கடவுளே கணினிக்கென்று செய்து தந்த மாதிரி. செய்தது கடவுள் இல்லை, ஞானப்பிரகாசம் மச்சான், பிலோமியின் அண்ணன், பந்தயப் புறா வளர்க்கிறவர், சுவரில் இருபத்துநான்கு பெட்டிகள், புறாவுக்கு ஒன்று, அதில் இது மட்டும் காலி, இது டீச்சருடையது. நெஞ்சை நிமிர்த்தி வகுப்புக்குள் நுழைகிற மாதிரி நடப்பதால் அந்தப் புறாவுக்கு அந்தப் பெயர், நாக்பூரிலிருந்து பறக்கவிட்ட பந்தயத்தில் மற்றவை திரும்பிவிட்டன, டீச்சர் வரவில்லை, நாற்பத்தொரு நாளாக மச்சான் தினமும் காலையில் அந்தப் பெட்டியின் கிண்ணத்தில் பழைய கம்பைக் கொட்டிவிட்டுப் புதுக் கம்பு போடுகிறார், யாரும் தின்னாத கம்பு, அதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். மச்சான் கிண்ணத்தை வெளியே எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அது இனிமே வராது மாப்ள, எட்த்துக்கோ, என்றார், அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பெட்டியின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

ஆஹா, அந்த இரண்டு நாள், பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி அறைக்குள் கொண்டுபோனேன், சப்பாத்திப் பலகையில் மதர்போர்டைத் திருகினேன், இடையில் பழைய ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி வைத்தேன், பலகையோடு பெட்டிக்குள் செருகினேன், பவர் சப்ளை உள்ளே நுழையாததால் வெளியே ஒரு செங்கல்லின் மேல் இன்னொரு செங்கல்லாக உட்கார்ந்தது, காலிங் பெல் சுவிட்சுதான் பொத்தான், அழுத்தினால் யாராவது கதவைத் திறந்துவிடுவார்களோ என்று இருந்தது, சூடேறியதும் புறா வாசம் வந்தது, விசிறி சாம்பல் நிற இறகு ஒன்றை வெளியே துப்பியது, அதை எடுத்து மச்சான் கண்ணில் படாமல் ஒளித்தேன், அவர் அறைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தேர்வு காலை பத்து மணிக்கு, பிலோமி காதில் ஹெட்ஃபோன், விரல்கள் மழை மாதிரி, நாற்பத்தொன்பது நிமிடம் ஓடிவிட்டது, மாடியில் புறாக்கள் படபடக்கின்றன, மச்சான் வழக்கம்போல் விசிலடிக்கவில்லை, அதனால்தான் எட்டிப் பார்த்தேன், வானத்தில் டீச்சர், வால் பாதி இல்லை, ஒரு கால் தொங்குகிறது, இறங்குகிறாள், இருபத்துமூன்று பெட்டிகளையும் தாண்டி, சுவரில் வெளுத்துத் தெரிந்த சதுரத்தின் முன்னால் சிறகடித்து நிற்கிறாள், பெட்டி இல்லை, மறுபடி மேலே போகிறாள், தன் பெட்டியைத் தவிர வேறெங்கும் அடையாத பிறவி, மேலே மீன் துறைமுகத்துப் பருந்துகள் இரண்டு அவளைக் கவனித்துவிட்டன. மச்சான் என்னிடம் பெட்டியைக் கேட்கவில்லை, விடு மாப்ள, தங்கச்சி எழுதட்டும், என்றார், கையிலிருந்த கம்புக் கிண்ணத்தை மட்டும் டீச்சரைப் பார்த்து உயர்த்திப் பிடித்தார். இந்தப் பக்கம் பிலோமிக்கு மிச்சமிருக்கிற பதினொரு நிமிடம், அந்தப் பக்கம் மச்சான் கம்பு போட்ட நாற்பத்தொரு நாள், நடுவில் நான், கையில் ஒரு திருப்புளியோடு, எதற்கென்று தெரியாமல். அப்போது ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்துவிட்ட பிலோமி, ஹெட்ஃபோன் போட்டிருந்ததால் தெருவுக்கே கேட்கிற குரலில், விரல் நிற்காமல் சொல்கிறாள், ஏங்க, பலகையோட உருவுங்க, வயரு எட்டும், ஆட்டாம உருவுங்க.

கம்பிவலையைத் திறந்தேன், ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பிரசவம் பார்க்கிறவன் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தேன், சிவப்பு விளக்கும் வயரோடு ஆடிக்கொண்டே வந்தது, மச்சான் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நான் நிற்கிறேன், சப்பாத்திப் பலகை கையில், விசிறி தொப்பையில் காற்று விடுகிறது, நெற்றியில் வியர்வை, ஒரு சொட்டு விழுந்தாலும் பல்லி செய்ததை நான் செய்தவன் ஆவேன், தலையை அண்ணாந்துகொண்டேன், செலவே இல்லாத பெட்டி, இரண்டு கை, ஒரு தொப்பை, காற்றோட்டம் பரவாயில்லை, வெளியே சிறகடிப்பு, பிறகு அமைதி, பிறகு ஒரு விசில், பாதியில் உடைந்து அழுகையாகிவிட்ட விசில். அனுப்பியாச்சு, கீழ வைங்க, என்கிறாள் பிலோமி, திங்கட்கிழமை அந்த வேலை அவளுக்குக் கிடைக்கப்போகிறது, அது இன்னும் எங்களுக்குத் தெரியாது, எங்கே வைப்பது, பெட்டி இல்லையே, என்று அப்படியே நிற்கிறேன், கை கடுக்கிறது, இறக்க மனம் வரவில்லை, ஜன்னலுக்கு அப்பால் சுவரில் அந்த வட்ட ஓட்டை, அதற்குள் சிவப்பாக ஒன்று, இமைக்கிறது, என் செருப்புத் துண்டு ஒன்றை அலகால் வெளியே தள்ளுகிறது.