குப்பாயியைப் பழக்கியவள்

மலையடிவாரத்துத் தோப்புக்காரர்கள் எல்லாம் காட்டு யானையை விரட்டப் பட்டாசும் கையுமாக அலைந்த வருஷத்தில், காளிச்சாமியின் மகள் யோகப்பிரியா மட்டும் லேப்டாப்பில் யானை பழக்கிக்கொண்டிருந்தாள். "தோப்புக்குள்ள வர்ற யானைய முடுக்க ஆளில்ல, இவ பொட்டிக்குள்ள இருக்கற யானைக்குத் தீனி போடறா" என்று அம்மா மருதாத்தாள் தலையில் அடித்துக்கொள்வாள். சிரிக்க ஊரே இருந்தது. யாருக்காகப் பழக்குகிறாய் தாயே என்று கேட்கத்தான் நாதியில்லை.

அது, குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டி வாழும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதை அவள் தனியாக ஆடவில்லை. தாய்மாமன் தனபாலின் மகன் சந்துரு குமுளியில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்தான். அவனும் இவளுமாகத்தான் ஒரே கோட்டையை ஆடினார்கள். கோட்டைக்குள் ஒரு வருஷம் ஓடும்வரை அவன் நடத்துவான். பிறகு அதை அப்படியே இவளுக்கு அனுப்பிவிடுவான், அடுத்த வருஷம் இவளுடையது. சுரங்கம் வெட்டுவதும் சண்டை பிடிப்பதும் அவன் பாடு. மிருகங்கள் இவள் பாடு. மிருகம் பழக்குகிற குள்ளச்சிக்கு யோகி என்று தன் பெயரையே வைத்திருந்தாள்.

யானை பழக்குவது அந்த விளையாட்டிலும் லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் கூண்டுப் பொறியில் சிக்க வேண்டும். சிக்கியதைக் கட்டிப்போட்டு, ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போய்த் தீனி வைத்துப் பேச வேண்டும். மேய்ச்சல் பத்தவில்லையென்றால் பட்டினியிலேயே செத்துவிடும். முதல் யானை அப்படித்தான் போயிற்று, அன்றைக்கு யோகப்பிரியா சோறு தின்னவில்லை. இரண்டாவதுதான் குப்பாயி. அதற்காக அவள் கோட்டையின் தென்பக்கம் முழுவதையும் புல்வெளியாக விட்டுவிட்டாள். குப்பாயி உடம்பு தேறி, குள்ளச்சி யோகியின் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தபோது பெற்ற பிள்ளை நடந்தமாதிரி பூரித்துப்போனாள்.

"குப்பாயிய போர் யானையாப் பழக்கிக் குடு யோகி. நம்ம கோட்டைக்கு அதுதான் காவல்" என்றான் சந்துரு போனில்.

நம்ம கோட்டை! அந்த ஒரு 'நம்ம'வை வைத்துக்கொண்டு அந்தப் பைத்தியக்காரி மனசுக்குள் குடித்தனமே நடத்திவிட்டாள். அவளை மட்டும் சொல்லி என்ன? "ரெண்டும் ஓயாமப் பேசிக்குதுக, அப்பறம் எதுக்கு வேற எடம் பாக்கோணும்?" என்று சந்துருவின் அம்மா ராசம்மாளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் சந்துரு மட்டும் கல்யாணம் என்று வாயைத் திறக்கவில்லை. கூச்சமாக இருக்கும் என்று யோகப்பிரியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பொள்ளாச்சியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். காளிச்சாமி குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பையன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால், முதலில் அவன் முன்னால் வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். அவன் தட்டைத் தள்ளிவிட்டால் பெண் அவனுக்கு. வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டால் முறையை விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம். பெரும்பாலும் தள்ளுவதற்கென்றே நீட்டுகிற தட்டுதான் அது. வாயைத் திறக்காத பையனைத் திறக்கவைக்க இதைவிட நல்ல வழியில்லை என்று காளிச்சாமி நினைத்தார். பொள்ளாச்சிக்காரர்கள் நன்றாக இருக்கட்டும் என்று யோகப்பிரியாவும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்துரு, அப்பா அம்மாவோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். முறைப்படி தட்டை மருதாத்தாள்தான் கொண்டுவர வேண்டும். யோகப்பிரியா பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அட, அம்முணிக்கு அவசரத்தப் பாருங்கொ!" என்று ராசம்மாள் சிரித்தாள்.

காளிச்சாமி தொண்டையைச் செருமினார். "மாப்ள, பொள்ளாச்சியில கேக்கறாங்க. முறைகாரரு நீங்க. உங்க வாக்கு எப்படிங்?"

சந்துரு யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு வெற்றிலையை எடுத்தான், காம்பைக் கிள்ளினான், சுண்ணாம்பு தடவினான், பாக்கோடு சேர்த்து மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்ல எடம்னா குடுங்க மாமா" என்றான் மென்றபடியே.

ராசம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. யோகப்பிரியா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவனும் பின்னாலேயே வந்தான். காரணம் சொல்லத்தான் வருகிறான் என்று அப்போதும் நம்பினாள், பாவம்.

"யோகி, கோட்டைய எப்ப அனுப்பறே? குப்பாயி தயாராயிருச்சா?"

"இப்ப அதுவா மச்சான் முக்கியம்?"

"ஜோமோள் நச்சரிக்கறா. எங்கூட ரிசார்ட்டுல வேலை பாக்கற புள்ள." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வருசமா நாங்க... உனக்குப் புரியுமில்ல? கோட்டையில என்ற வருசம் வந்தா பாதி அவதான் ஆடுவா. யானைன்னா அவளுக்கு உசுரு. அவளுக்காகத்தான் உன்னயப் பழக்கச் சொன்னேன்."

யோகப்பிரியா துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள். அவனோ வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு மேலே பேசினான்.

"நீ எங்கூடப் பேசிட்டே இருந்ததாலதான் ஊட்டுல யாருக்கும் சந்தேகமே வல்ல, எனக்குப் பொண்ணும் பாக்கல. நீ இல்லீன்னா எப்பவோ மாட்டியிருப்பேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு மூச்சு விடாதே. நீ நல்ல புள்ள."

பாவி! நன்றி சொல்கிற முகத்தோடு அல்லவா சொன்னான்! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நல்ல பிள்ளையாம், நல்ல பிள்ளை!

அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். அவளுக்கு உசுரா? கொடுக்கிறேன் பார், கறியாகக் கொடுக்கிறேன். குப்பாயியை வெட்டச் சொல்லி உத்தரவைக் கொடுத்தாள்.

கோட்டையில் கசாப்புக்காரன் ஒருவன் இருந்தான். ஆனால் அன்றைக்கு அந்த வேலைக்குக் கையொழிவாக இருந்தது குள்ளச்சி யோகிதான். புல்வெளிக்கு வந்தாள், குப்பாயியைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். காட்டு யானையாக இருந்தால் கோட்டையையே கலக்கியிருக்கும். குப்பாயி ஒரு முரண்டும் பிடிக்கவில்லை. தீனி வைத்த ஆள் கூப்பிடுகிறாள் என்று மேய்ச்சலை விட்டுப் பின்னாலேயே போயிற்று. கிடங்கைத் தாண்டிற்று, கசாப்புக் கொட்டகை வாசலுக்கும் வந்துவிட்டது.

"போகாதடி!" என்று யோகப்பிரியா கத்தினாள். உத்தரவை ரத்து செய்தாள். கசாப்பு வாசலில் நின்ற குப்பாயி திரும்பிப் புல்வெளிக்கு நடந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை.

கூடத்தில் அப்பா பொள்ளாச்சிக்குப் போன் பேசுகிற குரல் கேட்டது. "ஆமாங், முறைகாரரு வெத்தல எடுத்துட்டாருங். எங்களுக்குச் சம்மதந்தானுங். புள்ளயா? அது நாங்க சொன்னாக் கேட்டுக்குமுங்."

யோகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

"போன வைங்கப்பா."

காளிச்சாமி திகைத்துப்போய் வைத்துவிட்டார்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலீங்."

"ஏஞ்சாமி, அந்தப் பாழாப்போனவந்தான் விட்டுக்குடுத்துட்டானே" என்று ராசம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"எதுக்கு விட்டுக்குடுத்தாருன்னு அவரக் கேளுங்க அத்தை. நான் சொல்லமாட்டேன், அவரே சொல்லட்டும். இத்தன நாளா அவருக்கு மறைப்பா என்னய நிறுத்தியிருந்தாருங். இனிமே நிக்கமாட்டேன்."

புறக்கடையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த சந்துருவை எல்லோரும் பார்த்தார்கள். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் திருதிருவென்று முழித்தான்.

"என்றா சங்கதி? சொல்லுடா!" என்றார் தனபால்.